உச்சிவெயிலில் ஒன் பாயின்ட் டூ

மாமல்லபுரம்
12 மே 2025

அக்கா,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது. அதனால்தான் ஐந்து ரூபாய்க் கவர் வாங்கி எழுதுகிறேன். கவர் கொடுத்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு கேசாப்பா?" என்று கேட்டார். "இல்லம்மா, அக்கா கேசு" என்றேன்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை நம் ஸ்டுடியோவில், வெளியாள் முன்னால் என்னை "வெளிய போடா" என்றாய். எதற்காக? பெஞ்சமின் சாருக்காக. கல்பாக்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையரானவர், மகள் சிநேகாவின் கல்யாணத்தை நம்மிடம் ஒப்படைத்தவர், எல்லாம் சரி. சர்ச்சுக்குள் நீ எடுத்தாய். வெளியே படிக்கட்டில் குடும்பப் படத்தை நான் எடுத்தேன். அந்தப் படத்தில் அவருக்கு என்ன குறை? சர்ச் கோபுரம் தெரியவில்லை. பூ அலங்காரம் செய்த கார் தெரியவில்லை. அவர் பெயர் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரைப் படிக்க முடியவில்லை.

தெரியக் கூடாது என்றுதான் அப்படி எடுத்தேன். மணி பன்னிரண்டேகால். அந்த வாசலில் என்னென்ன கிடந்தது என்று நினைத்துப் பார். ஜெனரேட்டர் வண்டி, தண்ணீர் கேன் அடுக்கு, பிளாஸ்டிக் பூ வளைவு, பேனர். நீயாக இருந்தால் லென்ஸின் துளையைச் சுருக்கி எட்டில் வைத்திருப்பாய். கேனில் ஒட்டியிருந்த லேபிள் வரைக்கும் படத்தில் விழுந்திருக்கும். நான் லென்ஸை ஒன் பாயின்ட் டூவுக்கு முழுசாகத் திறந்துவிட்டேன். முன்னால் நிற்பவர்களின் இமைமுடியை எண்ணலாம். பின்னால் இருந்த குப்பையெல்லாம் வெறும் நிறமாகக் கரைந்துவிட்டது.

இருட்டு மண்டபத்துக்காகச் செய்த லென்ஸை உச்சிவெயிலில் திறந்து வைக்கிறவன் பைத்தியக்காரன் என்றாய். வெளிச்சம் கொட்டும், தெரியும். ஷட்டரை நொடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தாலும் படம் வெளுத்துப்போகும், அதுவும் தெரியும். அதற்குத்தான் முன்னால் கறுப்பு ஃபில்டர் போடுகிறேன். லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுகிறவன் என்று அதற்கும் சிரித்தாய்.

இங்கே வெங்கடேசன் அண்ணன் அறையில் இருக்கிறேன். கடற்கரைக் கோயிலுக்கு வெளியே டூரிஸ்டுகளை எடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறவர். என் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஜாவித்து, கோயிலக் காணோம்? எவனாவது தூக்கினு பூட்டானா?" என்கிறார். சேலத்துக் குடும்பம் ஒன்று படத்தைத் திருப்பியே கொடுத்துவிட்டது. மாமல்லபுரம் வந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். கோயில் அங்கேயேதான் நிற்கப்போகிறது, உங்கள் பெண் இப்படிச் சிரித்தது இந்த ஒரு நொடிதான் என்று சொன்னேன். அந்த அம்மா யோசித்தார். அவர் வீட்டுக்காரர் யோசிக்கவில்லை.

பதினொன்றிலிருந்து இரண்டு வரை இந்தக் கடற்கரையில் கேமராவோடு நிற்பவன் நான் ஒருவன்தான். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றவர்களெல்லாம் சாயங்கால வெளிச்சத்துக்காக நிழலில் காத்திருக்கிறார்கள். நான் காத்திருக்கப் போவதில்லை.

திரும்பி வர மாட்டேன். எட்டில் எடுக்கவும் மாட்டேன்.

ஜாவித்


செங்கல்பட்டு
16 மே 2025

ஜாவித்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சலாம்கூட இல்லாமல் ஆரம்பித்தாய். நான் அந்த அளவுக்கு இறங்க மாட்டேன்.

பெஞ்சமின் சாருக்குப் பயந்து உன்னைத் துரத்தினேன் என்று நினைக்கிறாய். அத்தா மவுத்தாகி ஸ்டுடியோ என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பொம்பளைப் பிள்ளை கல்யாண மேடையில் ஏறி எப்படிப் படமெடுப்பாள் என்று சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். "வந்து பாருங்க, எப்படி எடுக்கறேன்னு" என்று சொல்லி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் நான். அந்த வயதில் வராத பயமா இப்போது வரும்? அந்த மனிதர் பேசிக்கொண்டிருந்தபோது நீ அவர் முகத்துக்கு நேரே சிரித்தாய். துரத்தியது அதற்காக.

சரி, அவரை விடு. அவர் பேனரையும் விடு. நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக.

போன புதன்கிழமை மதியம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரி ஆயாக்கள் கட்டும் நீலப் புடவை. டியூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கல்பாக்கத்துக் கல்யாணப் படம் வந்துடுச்சாம்மா? நான் மாப்பிள்ளையோட அம்மா. பேரு மேரி."

மாப்பிள்ளை ஜோயல் உனக்கு நினைவிருக்கும். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அதிகம் பேசாதவன். அவனுடைய அம்மா. அச்சரப்பாக்கத்தில் இருக்கிறார். வயல் வேலை பார்த்து, பிறகு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து, அவனைத் தனியாகப் படிக்க வைத்தவர். அப்பா இல்லை.

மானிட்டரில் நீ எடுத்த குடும்பப் படத்தைப் போட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மேல்படியில், கதவோரமாகத் தெரிந்த நிறத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வயலட்டு நானு. என் மூஞ்சி எங்க கீது?"

பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்க ஆக்க இன்னும் கரைந்தது. கண் எது, வாய் எது என்று எனக்கே பிடிபடவில்லை. மற்ற படங்களில் இருப்பீர்கள் அம்மா என்று சொல்லி முந்நூற்று நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் நின்றுகொண்டே பார்த்தார். நான் எடுத்ததில் இரண்டில் இருக்கிறார். ஒன்றில் முதுகு. இன்னொன்றில் பந்தியில் குனிந்து பரிமாறுகிறார், உச்சந்தலை மட்டும். கேமராவைப் பார்த்து அவர் நிற்கும் படம் உன்னுடையது ஒன்றுதான்.

"என் புள்ள கல்யாணத்துல நான் இருந்தேன்னு இன்னாத்தக் காட்டுவேன்?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

உன் லென்ஸ் என்னென்ன குப்பையைக் கரைத்தது என்று பெருமையாகப் பட்டியல் போட்டிருந்தாயே. ஜெனரேட்டர், கேன், பேனர். அதன் கீழே மேரியம்மா பெயரையும் எழுதிக்கொள்.

ஷஹர்பானு


மாமல்லபுரம்
20 மே 2025

அக்கா,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நான் கேமராவோடு கீழே, ஆறு மீட்டர் தள்ளி நின்றேன். வரிசை நிறுத்தியது யார்? நீ. எந்தக் கல்யாணத்திலும் நீதான் நிறுத்துவாய், என்னைத் தொட விட மாட்டாய். அந்த வயலட் புடவை அம்மா முதலில் ஜோயலுக்குப் பக்கத்தில்தான் நின்றார். கையில் சிநேகாவின் கைப்பை இருந்தது. நீ போய் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாய். அவர் படியேறி மேலே போனார். அவர் இடத்தில் பெஞ்சமின் சாரின் தங்கை வந்து நின்றார். கீழே இருந்த எனக்கு நீ பேசியது கேட்கவில்லை. என்ன சொன்னாய் அக்கா?

முகத்தைக் கரைத்தது என் லென்ஸ். முகத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது என் லென்ஸ் இல்லை.

இதோடு கடிதத்தை முடித்துப் பெட்டியில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் உன்னை ஜெயித்திருப்பேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதை எழுதாமல் கவரை ஒட்ட முடியவில்லை.

வியூஃபைண்டரில் அவரைப் பார்த்தேன். அந்தப் பழைய மரக் கதவு கன்னங்கரேலென்று இருந்தது. அதற்கு முன்னால் மங்கலாக அந்த வயலட். நல்லாயிருக்கே என்று தோன்றியது. ஒரு நிறம், அவ்வளவுதான். அவர் கொஞ்சம் நகர்ந்து கதவுக்கு வெளியே போகப் பார்த்தார். "அம்மா, அப்படியே நில்லுங்க, நகராதீங்க" என்று கத்தினேன். உடனே நின்றுவிட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று நினைக்கிறேன். தன்னையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன் என்று நம்பியிருப்பார். நான் அந்தச் சிரிப்பையும் நிறமாகத்தான் பார்த்தேன்.

இரண்டு நாளாக வெயிலில் போகவில்லை. வெங்கடேசன் அண்ணன், "இன்னாபா, வெயிலு தாங்கலியா கடைசியில?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதே. எட்டில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின்வரிசையில், கையில் யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு, வேலைக்கு வந்தவர் மாதிரி ரொம்பத் தெளிவாக நின்றிருப்பார். நீயும் கேட்டிருக்க மாட்டாய், நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆல்பத்தில் ஒட்டிக் கொடுத்திருப்போம்.

அவரை மறுபடி எடுக்கிறேன். வருவாரா என்று கேட்டுச் சொல். வர மாட்டேன் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நானே அச்சரப்பாக்கம் போகிறேன்.

ஜாவித்


செங்கல்பட்டு
27 மே 2025

ஜாவித்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். "நீங்க மேல போய் நில்லுங்கம்மா, குடும்பத்து ஆளுங்க முன்னாடி வரட்டும்." இதுதான் நான் சொன்னது.

கையில் பெண்ணின் பை இருந்ததால் வேலைக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டேன். பட்டுப் புடவை கட்டியிருந்தார். அதைப் பார்த்தும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷமாக வரிசை நிறுத்துகிறேன், முகத்தைப் பார்த்தாலே யார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும் என்கிற திமிர். கடைக்கு வந்து மேரி என்று பெயர் சொன்னதுமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு எழுதியபோது தெரிந்தேதான் மறைத்தேன். பழி முழுவதும் உன் லென்ஸ் மேல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே அச்சரப்பாக்கம் போனேன். இரண்டு அறை வீடு, ஷீட் போட்டது. மேரியம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள்ளேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தெரியும்மா. நீ சொன்னது காதுல நல்லா விழுந்துச்சு. அதான் மேல போய் நின்னேன்."

"நான்தான் அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"நான் ஏன் சொல்லணும்? பக்கத்துலயே அவன் நின்னுகினு இருந்தான். அவன் சொல்லட்டும்னு பாத்தேன். படி ஏறுற வரிக்கும் பாத்தேன்."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். என் தம்பி உங்களை மறுபடி எடுக்க ஆசைப்படுகிறான் என்றேன். தனியாக, அழகாக, நிழலில் உட்கார வைத்து எடுக்கலாம், எல்லாம் தெளிவாக விழும் என்று என் யோசனையையும் சொன்னேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு எடுத்த மெஷினு கீதே, அதுல யாரு பின்னாடி நின்னாலும் காணாம பூடுவாங்களா?"

"ஆமாம்மா."

"பெரிய ஆளுங்க நின்னாலும்?"

"யார் நின்னாலும்."

சிரித்தார், ஜாவித். நான் அவரைப் பார்த்து இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்ப அதுலயே எடுக்கச் சொல்லு. அதே நேரம், அதே வெயிலு. நெயலு கியலு ஒண்ணும் வேணாம். என் புள்ளயும் வருவான். நான் கூப்ட்டா வருவான்."

ஜூன் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே வருகிறார்கள். நான் வரவில்லை. நான் வந்தால் வரிசை நிறுத்தத் தோன்றும்.

உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிடலாம்தான். எடுத்தால் போனில் இருவரும் கத்துவோம். நடந்ததை எழுது. ஏழாம் தேதி பக்ரீத். உன் மச்சான் உன் பங்குக் கறியை எடுத்துத்தான் வைப்பார்.

ஷஹர்பானு


மாமல்லபுரம்
3 ஜூன் 2025

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார்கள். மேரியம்மா, ஜோயல், சிநேகா. மேரியம்மா அதே வயலட் பட்டு. ஜோயல் காரை நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தான்.

"ப்ரோ, ஈவினிங் எடுத்தா நல்லா வரும்ல? இந்த வெயில்ல அம்மாவுக்கு மயக்கம் வந்துடும்."

"உன் கல்யாணமும் இந்நேரந்தான் நடந்துச்சு" என்றார் மேரியம்மா. "அன்னிக்கு மயக்கம் வர்ல."

கோயில் பக்கம் கூட்டம். வடக்கே நடந்து, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்குப் போனோம். சிநேகாவையும் நிற்கக் கூப்பிட்டேன். "இது அத்தையோட படம்ணா. நான் இங்கயே இருக்கேன்" என்று ஒரு படகு நிழலில் உட்கார்ந்துகொண்டாள். ஃபில்டரை மாட்டினேன். லென்ஸை முழுசாகத் திறந்தேன். எடுப்பதற்கு முன் இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். இந்தத் தூரத்தில், இவ்வளவு திறந்து வைத்தால், தெளிவு என்பது நான்கு விரல் கனம்தான். இருவரும் ஒரே கோட்டில் நின்றால் இரண்டு முகமும் விழும். ஒருவர் ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ போனால் அவர் முகம் போய்விடும்.

நான் யாரையும் நிறுத்தவில்லை. நீங்களே நில்லுங்கள் என்றேன். மேரியம்மா மணலில் காலை அகட்டி, கேமராவைப் பார்த்து நேராக நின்றார். ஜோயல் பக்கத்தில் வந்தான். ஆனால் ஒட்டவில்லை. ஒரு முழம் பின்னால் தள்ளியே நின்றான். கூச்சமா, பழக்கமா, தெரியவில்லை. நான் அம்மாவின் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன்.

திரையில் காட்டினேன். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு மேரியம்மா குனிந்து பார்த்தார். அக்கா, அந்த முகத்தை நீ பார்க்க வேண்டும். நெற்றியில் வியர்வை, மூக்குத்திக் கல், கன்னத்தில் அம்மைத் தழும்பு, கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெயிலில் கடல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது, அதெல்லாம் பாலாகக் கரைந்து பின்னால் போய்விட்டது. பக்கத்தில் நீலச் சட்டை போட்ட யாரோ ஒருவன்.

ரொம்ப நேரம் பார்த்தார். ஜோயலும் எட்டிப் பார்த்தான்.

"ப்ரோ, என் ஃபேஸ் வரலயே."

மேரியம்மா நிமிரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் கடையில இதத்தான் கேட்டேன்."

அவன் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சிநேகா எழுந்து வந்தாள். அவன் அவளைப் பார்க்காமல், மணலைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றான்.

"சொல்லலியே" என்றார்.

"அவங்கல்லாம் இருந்தாங்க. சிநேகாவோட அத்த, சித்தப்பா எல்லாரும். திடீர்னு எப்படிச் சொல்றதுன்னு…"

"'எங்கம்மா'. ரெண்டு வார்த்தகூட இல்ல, ஒரே வார்த்த. ஒன்ன நான் பன்னெண்டாங் கிளாசு வரிக்கும் படிக்க வெச்சேன், காலேஜு சேத்தேன். அத்தினி படிச்சும் அந்த ஒரு வார்த்த வர்லியா ஜோயலு?"

நான் கேமராவை ஏதோ சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மேரியம்மா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "பரவால்ல" என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், எல்லா அம்மாக்களும் சொல்கிற மாதிரி. சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, இடது முழங்கையை லேசாக விலக்கினார். அவன் அந்த இடைவெளிக்குள் கையை விட்டுக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றான்.

"இப்ப எட்றா" என்றார் என்னிடம்.

எடுத்தேன். இரண்டு முகமும் விழுந்தது. அவன் கண் சிவந்திருக்கிறது. அந்தச் சிவப்பு நரம்புகளையும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவு.

எந்தப் படம் வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்கவில்லை. இருவரும் இருப்பது ஜோயலின் நாவலூர் வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு. "வர்றவங்க யாருன்னு கேப்பாங்க இல்ல? அப்ப அவன் சொல்லிப் பழகட்டும்." அவர் மட்டும் தெளிவாக இருப்பது அவர் வீட்டுக்கு. அந்தப் படத்தை உன் கடை ஷோகேஸில் வைக்கலாமா என்று நானாகவே கேட்டேன். "வையி. ரோட்டப் பாத்து வையி" என்றார்.

இரண்டு ஃபைலையும் மெமரி கார்டில் போட்டு இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். பிரிண்ட் நீதான் போட வேண்டும். எனக்கு உன் கை மேல் நம்பிக்கை. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை.

ஒன்று மட்டும் நான் மாறிவிட்டேன். திறப்பதற்கு முன்னால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, முழுசாகத்தான் திறக்கிறேன்.

ஜாவித்


செங்கல்பட்டு
20 ஜூன் 2025

ஜாவித்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பக்ரீத்துக்கு வந்தாய், சாப்பிட்டாய், உன் மச்சானோடு கிரிக்கெட் பேசினாய், அரை மணி நேரத்தில் பஸ் ஏறிவிட்டாய். நானும் உன்னிடம் இரண்டாவது கரண்டி வேண்டுமா என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. நேரில் எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மேரியம்மா படத்தைப் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். பார்த்தேன், போதவில்லை. பதினாறுக்கு இருபது போட்டேன். கறுப்பு ஃபிரேம். ஷோகேஸ் நடுவில் சிநேகாவின் மணப்பெண் படம் இருந்ததல்லவா, நான் எடுத்தது, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தேன்.

முதல் நாளே டீக்கடைக்காரர் லட்சுமணன் வந்து, "யாருக்கா இது, நடிகையா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் டியூட்டி மாறும் நேரத்தில் கும்பலாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண், "எங்க மேரியக்கா" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

நேற்று பெஞ்சமின் சார் வந்தார். கார் ரோட்டிலேயே நின்றது, இவர் வாசலிலேயே நின்றார்.

"என் பொண்ணு படம் எங்கம்மா?"

"உள்ள இருக்கு சார். எடுத்துட்டுப் போறீங்களா?"

"அந்த இடத்துல எதுக்கு இவங்க? ஊர்ல நாலு பேரு பாக்கறாங்க. ஆஸ்பத்திரி ஆயான்னு எல்லாருக்கும் தெரியும். எங்க ஃபேமிலிக்கு ஒரு மரியாதை இல்லையா?"

கடையில் இரண்டு பேர் பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"இவங்க உங்க சம்பந்தி சார். அன்னிக்கு யாருன்னு தெரியாம நான்தான் பின்னாடி அனுப்பினேன். இன்னிக்கு யாருன்னு தெரிஞ்சு முன்னாடி வெச்சிருக்கேன். எடுக்க மாட்டேன்."

அடுத்த மகள் கல்யாணத்துக்கு நம் கடை வாசலை மிதிக்க மாட்டாராம். மிதிக்க வேண்டாம் சார் என்றேன். நீ சிரித்தது மாதிரி சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று உன்னைத் துரத்தியது கொஞ்சம் அதிகம்தான்.

சிநேகா ராத்திரி போன் செய்தாள். அப்பா வந்தாரா என்று கேட்டாள். வந்தார் என்றேன். "படம் இருக்கா?" என்றாள். இருக்கு என்றேன். "இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். நாவலூர் வீட்டு ஹாலில் அந்த இன்னொரு படம் மாட்டியாகிவிட்டதாம்.

ஜூலை ஆறாம் தேதி மதுராந்தகத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பகல் முகூர்த்தம், வெட்டவெளியில் பந்தல். நீ வந்தால் நன்றாக இருக்கும். ஒருவரை எடுப்பதென்றால் உன் இஷ்டத்துக்குத் திற, நான் வாயைத் திறக்க மாட்டேன். எல்லாரும் சேர்ந்து நிற்கும்போது எட்டுதான், அதில் உன்னோடு சண்டை போட நான் தயார். வரிசை மட்டும் இனி நான் நிறுத்துவதில்லை. முதலில் மாப்பிள்ளை அம்மா யார், பெண்ணின் அம்மா யார் என்று சத்தமாகக் கேட்டு வரவழைக்கிறேன். போன வாரம் திருக்கழுக்குன்றத்தில் அப்படிக் கேட்டபோது ஒரு அம்மா சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

ஷோகேஸ் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக மேரியம்மா முகத்தில்தான் விழுகிறது. இப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் படம் வெளுத்துவிடும், திரை போடுங்கள் என்று லட்சுமணன் சொன்னார். திரை போடப் போவதில்லை. வெளுத்தால் இன்னொன்று போடுவேன், இதைவிடப் பெரிதாக.

ஷஹர்பானு